வாடிக்கையாளர் குறை மேலிடம் வரை போக வேண்டும்



பருப்பும் புளியும் மிளகாய் வற்றலும் மூட்டையில் வந்து இறங்கி, நாமே நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்த காலத்தில் சரக்கின் தரத்துக்கு நாமே ஜவாப்தாரி. சரக்கு சரியில்லை என்றால் வாடிக்கையாளர் நம்மிடம் வந்தார். நாம் மண்டியில் கேட்டோம். மண்டிக்காரர் கொள்முதல் செய்த ஊரில் கேட்டார். மூன்று கை மாறுவதற்குள் விளைவித்தவர் காதுக்கே விஷயம் போய்விடும். அடுத்த லோடு ஒழுங்காக வரும்.

இன்று நம் கடைகளில் நகரும் சரக்கில் பெரும்பகுதி கம்பெனிப் பாக்கெட். சோப்பு, பற்பசை, பிஸ்கட், எண்ணெய், மாவு, மசாலாத் தூள் என்று எல்லாமே எங்கோ ஒரு மாநிலத்தில் தயாராகி, டிப்போ, ஏஜென்சி, மொத்தக் கடை, சில்லறைக் கடை என்று படிப்படியாக இறங்கி வருகின்றன. சரக்கு இறங்கி வரும் பாதையில் ஒரு தடையும் இல்லை. வாடிக்கையாளரின் குறை ஏறிப் போகும் பாதைதான் அடைத்துக் கிடக்கிறது. அந்த அடைப்பை எடுக்கும் வேலையில் நமக்கும் பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது. நியாயமான குறை ஒன்று கீழ்மட்டத்தில் தீரவில்லை என்றால், அதை அந்தக் கம்பெனியின் நிர்வாக இயக்குநர் மேஜை வரை எழுத்து மூலம் கொண்டு போக வேண்டும். அதைச் செய்யத் தகுந்த ஆள் கடைக்காரர்தான்.

குறை எங்கே தேங்குகிறது?

ஒரு வாடிக்கையாளர் பாக்கெட்டைக் கொண்டுவந்து, "அண்ணாச்சி, இதைப் பாருங்க, பூச்சி கிடக்கு" என்கிறார். நாம் வேறு பாக்கெட் கொடுக்கிறோம். அடுத்த நாள் லைனுக்கு வரும் சேல்ஸ்மேனிடம் சொல்கிறோம். அவர், "சொல்லிடுறேன் அண்ணாச்சி" என்று பாக்கெட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். அத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அந்தப் பையனை நாம் குறை சொல்லவில்லை. மாதக் கடைசிக்குள் அவர் முடிக்க வேண்டிய இலக்கு ஒன்று தலைமேல் நிற்கிறது. புகாரை மேலே சொன்னால் இலக்கு குறையப்போவதில்லை. ஏரியா மேனேஜரிடம் திட்டு வாங்குவதுதான் மிச்சம். ஏரியா மேனேஜருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் அதே கதைதான். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் அந்தக் குறையைச் சற்று மென்மையாக்கித்தான் அடுத்த படிக்கு அனுப்புகிறார். மூன்று படி ஏறுவதற்குள் அது காணாமல் போய்விடுகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே நம் வேண்டுதல் சாமியின் காதிலேயே விழுவதில்லை. மும்பையிலோ குருகிராமிலோ பெங்களூரிலோ உட்கார்ந்திருக்கும் தலைவருக்கு, நம் தாலுகாவில் பத்துக் கடையில் ஒரே சரக்கு திரும்பி வந்த விஷயம் தெரியவே தெரியாது.

வாடிக்கையாளர் யாரைக் கேட்கிறார்? எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழி இருந்தாலும், அவர் கண்ணுக்குத் தெரிவது அம்பாகிய நாம் மட்டும்தான். கம்பெனியின் பெயர் பாக்கெட்டில் இருக்கிறது, முகம் நம்முடையது. பத்து ரூபாய், இருபது ரூபாய் சாமானுக்காக எந்தத் தாய்மாரும் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடிப் போன் செய்யப் போவதில்லை. ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். இரண்டாம் தடவை அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். கம்பெனிக்கு ஒரு பாக்கெட் நஷ்டம். நமக்கு ஒரு குடும்பத்தின் மாதச் சாமான் மொத்தமும் நஷ்டம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் தொடங்கிய சமயம். வெளிமாநிலப் பெரிய நிறுவனம் ஒன்றின் ஐந்து கிலோ கோதுமை மாவுப் பைகள் ஒன்றன்பின் ஒன்றாக நம்மிடம் திரும்பி வந்தன. காலாவதிக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. பையைப் பிரித்தால் வண்டு. நம்மிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் நம்மைத்தான் கேட்டார்கள். நாம் கம்பெனி ஆளைக் கேட்டோம். "உங்க கிடங்குல ஈரம் இருக்கு, அதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நாம் கோபப்படாமல் ஒரு காரியம் செய்தோம். சுற்று வட்டாரத்தில் அந்த மாவு விற்கும் கடைகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி, திரும்பி வந்த பைகளின் பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, யாரிடம் எடுத்த சரக்கு என்ற விவரங்களைக் குறித்து வரச் சொன்னோம். ஏழு கடைகளில் ஒரே பேட்ச். அந்த ஏழில் நான்கு கடைகள் நம்மிடம் சரக்கு எடுப்பவையே அல்ல. வேறு மொத்தக் கடையில், வேறு ஊர்க் கிடங்கிலிருந்து எடுத்தவை. ஈரம் என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

ஏஜென்சிக்காரரிடம் முதலில் நேரில் சொன்னோம். அவரும் மேலே எழுதினார், பதில் இல்லை. அதன்பிறகு, ஏழு கடைகளின் விவரத்தையும் அட்டவணையாகப் போட்டு, ஒரே பக்கத்தில் அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்குப் பெயர் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மூன்றாவது வாரம் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர் நேரில் வந்தார். நம் கிடங்கைப் பார்த்தார், பிரிக்காத பைகளில் மாதிரி எடுத்தார், மீதமிருந்த அந்தப் பேட்ச் முழுவதையும் திருப்பி எடுக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். பையின் தையல் வாய் சரியாக ஒட்டாமல் போனதுதான் காரணம் என்று பின்னர் கடிதம் வந்தது.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மாவை வாங்கியவர்களில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ராத்திரி சப்பாத்திக் கடை போடும் ஓர் அம்மாவும் இருந்தார். அவர் தட்டில் வண்டைப் பார்த்தவர்கள் நாலு பேரிடம் சொல்ல, அந்த வாரம் முழுக்க அவருக்கு வியாபாரம் படுத்துவிட்டது. கம்பெனி பைக்குப் பை மாற்றிக் கொடுத்தது. போன வியாபாரத்தை யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. முதல் பை திரும்பி வந்த அன்றே அந்தச் சேதி மேலே போயிருந்தால், அவர் கைக்கு அந்த மாவு போயிருக்காது. குறை மேலிடம் போகத் தாமதமாகும் ஒவ்வொரு நாளும், அதற்கு விலை கொடுப்பவர் இப்படிப்பட்ட ஏழை எளியவர்தான்.

பழி நம் தலையில் விழும்

"சேமிப்பு சரியில்லை" என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 2003 அக்டோபரில் காட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாக மும்பையில் மகாராஷ்டிர உணவு மற்றும் மருந்து நிர்வாகத் துறை கண்டறிந்தது நினைவிருக்கலாம். தீபாவளிச் சமயம். தயாரிப்பில் குறையில்லை, கடைகளில் வைத்திருந்த முறையே காரணம் என்று கம்பெனி தரப்பில் முதலில் சொல்லப்பட்டது. நாடு முழுவதும் உள்ள கடைக்காரர் தலையில் பழி விழுந்தது. ஆனால் உறையின் தரம் பற்றியும் கேள்வி எழுந்தது. முடிவில் 2004 ஜனவரியில் கம்பெனி உறையையே மாற்றியது. காற்றும் பூச்சியும் புகாதபடி ஒட்டிய உறை வந்தது. கடைகளில் சாக்லேட்டை எப்படி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். உறையை மாற்ற முடியும் என்றால், அந்த உறை போதாது என்று கடைக்காரர்கள் முன்பே எழுத்தில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

2015-ல் மேகி நூடுல்ஸ் விவகாரம் வந்தது. ஜூன் 5 அன்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை உத்தரவு போட்டது. அன்றைய தினம் நெஸ்லே நிறுவனத்தின் உலகத் தலைமை அதிகாரி பால் புல்கே டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து மறு பரிசோதனைக்கு உத்தரவிட்டது. நவம்பரில் சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. இடைப்பட்ட ஐந்து மாதமும் வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொன்னவர் கடைக்காரர்தான். விஷயம் பெரிதானால் உலகத் தலைவரே விமானம் ஏறி வருகிறார். சிறிதாக இருக்கும்போதே அவர் காதில் போடுவது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

சட்டம் நம்மை எங்கே வைத்திருக்கிறது?

நம்மில் பலர், "பிரச்சினை என்றால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் போகலாம். நாம் போக முடியாது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் அல்ல. சுயதொழிலாகப் பிழைப்புக்கென்று வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. வாங்கி விற்கும் நமக்கு அந்த விலக்கு கிடையாது.

உரிமை இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று இருந்துவிட முடியாது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 27-வது பிரிவு, தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பொறுப்பு வைத்திருக்கிறது. காலாவதியான பொருளை விற்றால் பொறுப்பு. யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு. பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கி வைத்திருந்தாலும் பொறுப்பு. ஒரு வாடிக்கையாளர் வந்து குறை சொன்னபின், அதே பேட்சை நாம் மீண்டும் மீண்டும் எடுத்து விற்றால், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாயில்லாமல் போகும். தேதி போட்டு எழுதிய கடிதம் அந்த நேரத்தில் நமக்குக் கவசம். அதே சட்டத்தின் 26-வது பிரிவு, நமக்குக் கொடுக்கப்படும் பில்லையே சரக்கின் தரத்துக்கான உத்தரவாதமாகக் கருதுகிறது. ஆகவே பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் அது வில்லங்கம்தான்.

மேலிடத்துக்கு எழுதினால் பலன் உண்டா?

"பெரிய மனிதர்கள் நம் கடிதத்தையா படிக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1974-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், டெல்கோ கம்பெனியின் வேலை விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்ததைக் கண்டு, ஜே.ஆர்.டி. டாடாவுக்கே ஒரு தபால் அட்டை எழுதிப் போட்டார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அந்த மாணவிதான் சுதா மூர்த்தி. அது வாடிக்கையாளர் குறை அல்லவென்றாலும், ஓர் அட்டை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நல்ல உதாரணம்.

நம் வியாபாரத்துக்கு இன்று பெரும் போட்டியாக நிற்கும் ஆன்லைன் கம்பெனிகளையே எடுத்துக்கொள்வோம். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தம் மின்னஞ்சல் முகவரியை வாடிக்கையாளர் அனைவருக்கும் தெரியும்படி வைத்திருந்தார். வரும் புகாரில் ஒன்றை எடுத்து, மேலே ஒரே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுச் சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு அனுப்புவாராம். அந்தக் கேள்விக்குறி வந்துவிட்டால் அதிகாரி மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டுக் காரணம் தேட வேண்டும். மேலிடக் கடிதத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. தலைவர் உட்கார்ந்து ஒவ்வொரு கடிதமாகப் படிக்க மாட்டார். அவர் அலுவலகத்தில் அதற்கென ஆட்கள் இருப்பார்கள். ஆனால் அங்கிருந்து கீழே இறங்கும் கடிதத்துக்கு ஓர் எண் விழும், பதில் சொல்ல ஒரு தேதி விழும். கீழிருந்து ஏறும்போது யார் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். மேலிருந்து இறங்கும்போது நிறுத்தி வைக்க யாருக்கும் தைரியம் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்கள், செபி விதிப்படி 2022-23 நிதியாண்டு முதல் பொறுப்பு அறிக்கை ஒன்றை ஆண்டறிக்கையோடு கட்டாயம் வெளியிட வேண்டும். அதில் ஆண்டு முழுவதும் எத்தனை நுகர்வோர் புகார் வந்தது, எத்தனை தீராமல் நிற்கிறது, எத்தனை முறை சரக்கைத் திரும்பப் பெற்றார்கள் என்றெல்லாம் காட்ட வேண்டியிருக்கிறது. சேல்ஸ்மேனிடம் வாயால் சொன்ன புகார் இந்தக் கணக்கில் ஏறாது. எழுத்தில் போய்ப் பதிவானால்தான் ஏறும்.

எப்படி எழுதுவது?

எடுத்த எடுப்பில் மேலிடத்துக்குப் போவது முறையல்ல. முதலில் நம் வீட்டைப் பார்க்க வேண்டும். சரக்கு வெயிலில் கிடந்ததா, சுவரோடு ஒட்டி அடுக்கியிருந்தோமா, எலி புகுந்ததா, பழைய சரக்கை முதலில் விற்றோமா என்று பார்த்து, குறை நம்முடையது என்றால் நாமே மாற்றிக் கொடுத்துவிட்டு அத்தோடு விட வேண்டும்.

குறை சரக்கில்தான் என்று உறுதியானால், பாக்கெட்டில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண் வாங்க வேண்டும். புகார் சொல்ல வேண்டியவரின் பெயர் அல்லது அலுவலகம், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை பாக்கெட்டின் மேல் இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் எடையளவு விதி. அடுத்து ஏஜென்சிக்கும் ஏரியா மேனேஜருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுக்கலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மட்டும் நிர்வாக இயக்குநர். முகவரிக்கு அலைய வேண்டியதில்லை. பதிவு அலுவலக முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றைத் தன் கடிதத்தாளிலும் பில்லிலும் அச்சிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. இயக்குநர்களின் பெயர் ஆண்டறிக்கையில் இருக்கிறது. நகல் ஒன்றைக் கம்பெனி செயலாளருக்கும் அனுப்பினால் கடிதம் கோப்பில் ஏறும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதில் இருக்க வேண்டியவை:

1. பொருளின் பெயர், அளவு, பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி.
2. நாம் சரக்கு எடுத்த ஏஜென்சி, பில் எண், பில் தேதி.
3. குறை என்ன, எந்தத் தேதியில், எத்தனை வாடிக்கையாளர் சொன்னார்கள்.
4. இதற்கு முன் யார் யாரிடம் சொன்னோம், புகார் எண் என்ன, என்ன பதில் வந்தது.
5. நாம் கேட்பது என்ன. ஒன்று அல்லது இரண்டு கோரிக்கைதான்.
6. நம் கடை முகவரி, தொலைபேசி, பேச வேண்டிய ஆளின் பெயர்.

மாதிரிக்குச் சில வரிகள்:

"ஐயா, தங்கள் நிறுவனத்தின் இன்ன பொருளை நாங்கள் நீண்ட காலமாக விற்று வருகிறோம். கீழ்க்காணும் பேட்சில் இம்மாதம் இத்தனை வாடிக்கையாளர்கள் ஒரே குறையைத் தெரிவித்துள்ளனர். தங்கள் சேவை எண்ணிலும் ஏஜென்சியிலும் தெரிவித்தும் தீர்வு கிட்டவில்லை. பிரிக்காத பாக்கெட் எங்களிடம் பத்திரமாக உள்ளது. தக்க அதிகாரியை அனுப்பிப் பார்வையிடச் செய்து, வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதிலை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இவ்வளவு போதும். தலைமை அலுவலகம் வெளிமாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். நம் வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விவரத்தை நாம் சொன்னால் அவர்கள் எழுதித் தருவார்கள். மின்னஞ்சலோடு தபாலிலும் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. 2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். விரைவுத் தபாலில் அனுப்பிச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. குறையுள்ள பாக்கெட்டைச் சேல்ஸ்மேன் கையில் முழுவதுமாகக் கொடுத்துவிடாதீர்கள். புதுப் பாக்கெட் வாங்கிக்கொண்டு பழையதைக் கொடுத்துவிட்டால் சாட்சியும் சேர்ந்து போய்விடும். இரண்டு இருந்தால் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுதான் என்றால், பேட்ச் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் போன் நம்பரையும் அவர் சம்மதம் இல்லாமல் கடிதத்தில் எழுத வேண்டாம்.

செய்யக் கூடாதவை

வாடிக்கையாளர் குறையோடு நம் சொந்த வழக்கைச் சேர்க்கக் கூடாது. டேமேஜ் கிளெய்ம் வரவில்லை, ஸ்கீம் தொகை நிற்கிறது, மார்ஜின் போதவில்லை என்பதெல்லாம் நியாயமான பிரச்சினைகளே. 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதம் குறைந்தபோது, பழைய விலைச் சரக்கை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாட்டையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுக்கு வேறு கடிதம் எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், "இது வியாபாரியின் பேரம்" என்று மொத்தமாக ஒதுக்கிவிடுவார்கள். வாடிக்கையாளர் சார்பில் பேசும்போது நமக்கு ஒரு காசு லாபம் இல்லை என்பதுதான் அந்தக் கடிதத்தின் வலிமை.

மிரட்டலும் கூடாது. கடிதம் போகும் முன்னே வாட்ஸ்அப்பில் படம் போட்டு ஊரெல்லாம் பரப்புவது இப்போது பழக்கமாகிவிட்டது. குறை உண்மையா என்று உறுதியாகும் முன் பரப்பினால் அவதூறு வழக்கு வரலாம். படத்தில் தெரிவது நம் கடைப் பலகைதான் என்பதையும் மறக்கக் கூடாது. 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் முடிவெடுத்தன. அப்படிப்பட்ட புறக்கணிப்பு பொதுப் பிரச்சினைக்கு எடுக்க வேண்டிய ஆயுதம். மாவில் வண்டு விழுந்ததற்கெல்லாம் அதை எடுத்தால் அதன் மரியாதை போய்விடும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்க வேண்டும்.

அச்சம் நியாயமானதே

"எழுதினால் ஏஜென்சிக்காரர் கோபித்துக்கொள்வார், சரக்கை நிறுத்துவார், கடன் நாளைக் குறைப்பார்" என்று சில்லறை வியாபாரிகள் நம்மிடம் சொல்கிறார்கள். இந்த அச்சத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஒரு தெருக்கோடிக் கடைக்காரருக்கு ஓடுகிற சரக்கு ஒரு வாரம் நின்றால் கடையே ஆட்டம் கண்டுவிடும்.

இதற்கு இரண்டு வழி. முதலாவது, ஏஜென்சிக்காரருக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். அவரும் நம் சங்கத்தவர்தான். அவருடைய கிளெய்ம் தொகையும் கம்பெனியில் நிற்கிறது. அதனால் அவர் வாய் திறக்க முடிவதில்லை. "அண்ணே, உங்களைக் குறை சொல்லவில்லை, சரக்கைத்தான் சொல்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பல பேர் உள்ளூர மகிழ்ச்சியே அடைவார்கள். இரண்டாவது, தனி ஆளாக எழுத வேண்டாம். சங்கத்தின் கடிதத்தாளில், தலைவர், செயலாளர் கையெழுத்தோடு போகட்டும். ஒரு கடையின் சரக்கை நிறுத்தலாம். ஓர் ஊர்ச் சங்கத்தின் சரக்கை நிறுத்த எந்தக் கம்பெனியும் துணியாது.

சங்கம் செய்ய வேண்டியது

நம் ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் ஒரு புகார்ப் பதிவேடு வைக்க வேண்டுமென்று முன்மொழிகிறோம். தேதி, பொருள், பேட்ச் எண், கடை, குறை, முடிவு என்று ஆறு பத்தி போதும். மாதக் கூட்டத்தில் அதைப் படிக்க வேண்டும். ஒரே பேட்சில் மூன்று கடைகளுக்கு மேல் குறை பதிவாகியிருந்தால் சங்கக் கடிதம் உடனே மேலிடத்துக்குப் போக வேண்டும். நம் உறுப்பினர்களில் இக்கம்பெனிகளின் பங்கு வைத்திருப்பவர்கள் நிறைய உண்டு. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. 2020 முதல் அக்கூட்டங்களைக் காணொளி மூலமும் நடத்த அனுமதித்திருக்கிறார்கள். கடையை விட்டு நகராமலேயே தலைவரிடம் நேருக்கு நேர் கேட்கலாம்.

கம்பெனி அசையவே இல்லை என்றால், வாடிக்கையாளரிடம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைச் சொல்லி, நம் பில்லையும் கடித நகலையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அவருக்கு உரிமை இருக்கிறது. நாம் சாட்சியாக நிற்கலாம்.

பெருங்கடைகளும் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சாமான் இறக்கும் கம்பெனிகளும் விலையில் நம்மை அடிக்கின்றன. விலையில் அவர்களோடு நம்மால் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் வாடிக்கையாளரின் குறையைக் கேட்டு, அவர் பெயரையும் வீட்டையும் அறிந்து, அவருக்காக நாலு வரி எழுதிப் போட்டு, பதிலை வாங்கி அவர் கையில் கொடுக்க நம்மால் முடியும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழத் தெரியாத வாடிக்கையாளருக்காக நாம் குரல் கொடுத்தால், அந்தக் குடும்பம் நம் கடையை விட்டுப் போகாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் கடையில் இந்த மாதம் திரும்பி வந்த பாக்கெட்டுகளின் பேட்ச் எண்களை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். முதல் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதுவோம்.